ஏழு எண்ணும்வரை அறாத நூல்

நேற்றுப் பின்னேரம் மகளின் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குசினியில் ரோஸ் சர்பத் போத்தலைத் திறந்து ஐந்து கிளாஸ்களில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். மகள் வாசலில் வந்து நின்று சிரித்தாள். "ஏனம்மா இவ்வளவு பயந்து பயந்து கலக்கிறீங்கள்? அது வெடிக்காது," என்றாள். அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். கரண்டி கிளாஸின் அடியைத் தொட்டபடி, அவசரமில்லாமல், ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மணமும் அந்தச் சுற்றும் ஒன்றாகச் சேர்ந்ததும் நீ வந்துவிட்டாய். பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தட்டத்தை மகளிடம் நீட்டிவிட்டு, குழாயைத் திறந்து விட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுகிற சத்தம் வெளியே போகாமல் இருக்கக் குழாய் நல்லது. அதுவும் நீ சொல்லித் தந்ததுதான்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே நின்றுவிடும். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்கு நினைவில்லை. நான் உன்னை உன் இடத்தைச் சொல்லி "கொட்டாஞ்சேனை" என்பேன், நீ என்னை "வெள்ளவத்தை" என்பாய். வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் நாம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஆம் என்பதற்கு நான் ஓம் என்றால் நீ மந்திரமா சொல்கிறாய் என்று கேட்பாய். நீ என்னா என்றால் நான் முகத்தைச் சுளிப்பேன். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் அந்த எக்ஸ்ரே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். மூத்தவள் யார் என்ற சண்டை மட்டும் கடைசிவரை தீரவில்லை.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அந்தக் கட்டடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாம் மாடி, பின்பக்கம், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் சின்ன அறை. ஒரு தொட்டி, ஒரு தராசு, ஒரு அலுமாரி நிறைய வெள்ளைத் தூள். சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சுக்குள் நிற்கிறது என்று வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியத்தை அங்கேதான் நாம் கலந்தோம். அது பாறையிலிருந்து எடுத்து அரைத்த தூள் என்று முதல்நாள் கேட்டபோது கையிலிருந்த பைக்கற்றைக் கீழே வைத்துவிட்டேன். மனிதனைக் கல்லைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறோமா என்றேன். "கரையாதுடி, அதுதானே விஷயம்," என்றாய் நீ. கரையாமல், உடம்பில் ஊறாமல், போன வழியெல்லாம் சுவரில் மெல்லப் பூசிக்கொண்டு போகும். எக்ஸ்ரே அதை ஊடுருவாது. ஆகவே அது போன பாதை படத்தில் விழும். எங்கே குழாய் ஒடுங்கியிருக்கிறது, எங்கே சுவர் கரடுமுரடாக இருக்கிறது என்று டொக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.

எல்லாம் பதத்தில்தான் இருந்தது. இளக்கமாக இருந்தால் எதிலும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கெட்டியாக இருந்தால் வாயிலிருந்தே இறங்காது. பைக்கற்றில் இத்தனை தூளுக்கு இத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கும். நீ அதை நம்பவில்லை. ஒவ்வொரு பைக்கற்றும் ஒவ்வொரு குணம், வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று என்றாய். வீட்டிலிருந்து ஒரு நீளக் கைப்பிடிக் கரண்டியைக் கொண்டுவந்தாய். பாயசம் பரிமாறுகிற சில்வர் கரண்டி. கலந்த பேரியத்தை அதில் நிறைய அள்ளி உயர்த்திச் சரிப்பாய். வெள்ளையாக ஒரு நூல் கோப்பைக்குள் இறங்கும். அந்த நூல் அறுந்து சொட்டாகும்வரை எண்ணுவாய். ஏழு வந்தால் சரி. ஐந்தில் அறுந்தால் தூள் போடு, ஒன்பது போனால் தண்ணீர் விடு. வேறு கரண்டிக்கு வேறு கணக்கு, இந்தக் கரண்டிக்கு ஏழு. டொக்டருக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. உன் ஏழில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு அவரே "எண்ணியாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஆள் வராத ஒரு மத்தியானம் நீ செய்த விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? காலாவதியான ஒரு பைக்கற்றை உடைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே போனாய். போடப் போட ஒன்றும் பெரிதாக மாறவில்லை. பால் மாதிரி இருந்தது, இன்னும் போட்டாய், மோர் மாதிரி ஆனது, இன்னும் போட்டாய், கொஞ்சம் தடித்தது. நான் அலுத்துப்போய் யன்னலைப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு ஒரே ஒரு கரண்டி போட்டாய். கோப்பையைக் கவிழ்த்தாய். விழவில்லை. கரண்டி அதற்குள் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றது. அதற்கு முன்னைய கரண்டிக்கும் இதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"ஒங்க ரோட்டுல காலைல வர்ற பஸ்ஸப் பாரு," என்றாய் நீ. "பத்துப் பேரு நிக்கும்போது நீ நடந்து போயி எறங்கலாம். முப்பது பேருன்னா இடிச்சுக்கிட்டு எறங்கலாம். அப்பறம் ஒருத்தன் ஏறுவான். அவன் ஒருத்தன்தான். அதோட ஒருத்தரும் அசையமாட்டாங்க."

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் தினமும் அப்படி நின்று வந்தவளுக்குத் தெரியாததா! நடத்துனர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார், முன்னுக்கு எங்கே போவது என்று நீ நடித்துக் காட்டினாய். தூளின் மணிக்கும் மணிக்கும் நடுவில் தண்ணீர் இருக்கும்வரை அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு ஓடும். இடம் தீர்ந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றுவிடும். அவசரமாகக் கலக்கினால் இன்னும் இறுகும், மெதுவாகக் கலக்கினால் வழி விடும். இதையெல்லாம் யாரும் உனக்குப் படிப்பிக்கவில்லை. கையால் கண்டுபிடித்தாய். நைசான தூளையும் சற்றுப் பரும்படியான தூளையும் சேர்த்துக் கலந்தால் அதே கனத்தில் இன்னும் இளக்கமாக ஓடும் என்றும் கண்டுபிடித்தாய். பெரியவர்களுக்கு நடுவில் சின்னப் பிள்ளைகள் நுழைந்து நிற்பதால் பஸ்ஸில் இடம் மிஞ்சுகிறது என்று அதற்கும் பஸ்ஸையே இழுத்தாய். டொக்டர் அதைக் கேட்டு ஏதோ பாடப் புத்தகத்தில் இது இருக்கிறது என்றார். "அப்ப அவங்க எங்கிட்ட கேட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு நீ தொட்டியைக் கழுவப் போனாய்.

ரோஸ் சர்பத்தும் உன் வேலைதான். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இரண்டு சொட்டு விடுவாய். அதற்கு மேலும் முரண்டு பிடிக்கிறவர்கள் வந்தால் சின்னக் கோப்பை ஒன்றில் உனக்கும் கொஞ்சம் ஊற்றி, அவர்கள் கண்முன்னாலேயே முதல் வாய் நீ குடிப்பாய். "பாருங்க, நான் சாகல," என்பாய். தமிழில் சொல்வாய், சிங்களத்தில் சொல்வாய். அவர்கள் சிரித்துவிட்டுக் குடித்துவிடுவார்கள். நானும் அதைப் பழகினேன். நாள் ஒன்றுக்கு எத்தனை வாய் கல்லைக் குடித்திருப்போம் நாம்.

பாமன்கடையிலிருந்து வந்த அந்த ஐயாவை நீ மறந்திருக்க மாட்டாய். ஓய்வுபெற்ற தபால்காரர், தனியாக வந்திருந்தார். கோப்பையைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். "பிள்ளை, கொஞ்சம் இளக்கித் தாருமோ, களி மாதிரிக் கிடக்கு," என்று கெஞ்சினார். அவர் குரல் என் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. நீ அன்று அடுத்த அறையில் இருந்தாய். நான் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தேன். சுகமாகக் குடித்தார், எனக்கு நன்றி சொன்னார். படத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லாயிருக்கு, போகலாம் என்று டொக்டர் எழுதப்போகிற நேரத்தில் நீ உள்ளே வந்து, தொட்டிக்குள் கிடந்த கோப்பையின் மிச்சத்தைக் கரண்டியில் அள்ளிச் சரித்தாய். மூன்றில் அறுந்தது. என்னைப் பார்த்தாய். பிறகு நேரே டொக்டரிடம் போய், கலவை பிழை, ஐயா நாளைக்குத் திரும்ப வர வேண்டும் என்று சொன்னாய். என் பெயரைச் சொல்லவில்லை. பிழை நம்முடையது என்றுதான் சொன்னாய்.

திட்டியது பிறகு, கதவைச் சாத்திவிட்டு. எனக்கு இப்போதும் அந்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. "நீ எரக்கப்பட்டது அவரு வயித்துக்குள்ள போயிருச்சு. படத்துல ஒண்ணும் விழல. நாளைக்கு அவரு செத்துப்போனா ஒன் எரக்கத்தையா பொட்டிக்குள்ள வைக்கிறது?" அப்படிச் சொல்லலாமா என்று மூன்று நாள் உன்னோடு கதைக்காமல் இருந்தேன். மறுநாள் ஐயா வந்தார். ஏழு எண்ணிக் கொடுத்தாய், முதல் வாயை நீ குடித்தாய், அவர் கண்ணீரோடு குடித்து முடித்தார். முந்தின நாள் ஒன்றுமில்லாத இடத்தில் அன்று படத்தில் ஒரு ஒடுக்கம் இருந்தது. நேரத்தோடு பிடிபட்டதால் வைத்தியம் செய்து, ஆறேழு மாதம் கழித்து ஒரு பை நிறைய மாம்பழத்தோடு படியேறி வந்தார். பையை என் கையில்தான் கொடுத்தார். இளக்கிக் கொடுத்த பிள்ளையை அவருக்கு ஞாபகம் இருந்தது. நீ பின்னால் நின்று உதட்டைக் கடித்துச் சிரித்தாய்.

ஆகவே இளக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தில்கூடச் சொல்ல முடியாது.

உன் சாப்பாட்டுப் பெட்டியில் சோறு குறைந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. பிறகு பாண் துண்டை நீ தேத்தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டதைக் கவனித்தேன். பல் வலி என்றாய். பிறகு பெட்டியில் கஞ்சி வந்தது. வயிறு சரியில்லை என்றாய். மனிதர்கள் எதையெதையெல்லாம் சொல்லி சாப்பாடு இறங்காத இந்த வருத்தத்தை மறைப்பார்கள் என்று தினமும் பார்த்த இரண்டு பேர் நாம். அந்தச் சொற்களையே நீ எனக்குச் சொன்னாய், நானும் நம்பினேன். ஒருநாள் மத்தியானம் முட்டையின் வெள்ளைக்கரு ஒரு துண்டு உன் நெஞ்சில் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முதுகைத் தடவினேன். இறங்கிய பிறகு நீ என்னைப் பார்த்த பார்வையில் வழக்கமான பகிடிச் சிரிப்பு இல்லை. அன்று பின்னேரமே டொக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "சரி, நாளைக்குக் காலையில் முதல் ஆளாக வரச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

அடுத்தநாள் காலை நீ நோயாளிகளுக்குக் கொடுக்கும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் அறைக்குள் வந்தாய். அந்தச் சட்டையில் உன்னைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் தூளை நிறுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். சர்பத் இரண்டு சொட்டு விட்டேன். கதவு சாத்தியிருந்தது.

"கொஞ்சம் தண்ணியாக் கலக்குடி," என்றாய்.

நான் கரண்டியை நிறுத்தினேன்.

"கெட்டியா இருந்தா எனக்கு எறங்காது. அங்க நின்னு மூச்சு முட்டிச்சுன்னா, எல்லாரும் பார்ப்பாங்க. பயமா இருக்குடி."

எத்தனை பேரைப் பயப்படாதே என்று சொல்லிக் குடிக்க வைத்தவள் நீ! எனக்கு முன்னால் நீ ஒருநாளும் பயம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் விட்டேன், கலக்கினேன், இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு, பழக்கதோஷத்தில், கரண்டியில் அள்ளி உயர்த்திச் சரித்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலில் அறுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, பிறகு சொட்டு. நான் வாயைத் திறந்து, "ஏழு," என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஏழுதான்," என்றாய்.

முதல் வாயை நான்தான் குடித்தேன், உன் வழக்கப்படி. நாக்கில் அது தண்ணீர் மாதிரி ஓடியது. அப்போதுகூடக் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்திருக்கலாம். பத்து நிமிட வேலை.

படம் எடுக்கிற அறையில் மேசையோடு சாய்ந்து நின்று நீ குடித்தாய். திரையில் அது வேகமாக இறங்கியது. டொக்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் இளக்கமோ, பூசவில்லையே என்று கேட்டார். "ஏழு எண்ணித்தான் எடுத்தனாங்கள் டொக்டர்," என்றேன் நான். உன் ஏழை அந்தக் கட்டடத்தில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அவர் தலையாட்டினார். நீ எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை பொய் சொன்னேன் உனக்காக, மறுமுறை சொன்னது முதல் பொய்க்காக.

தடை எதுவும் இல்லை என்று ரிப்போட் வந்தது. அதற்குக் கீழே, தொந்தரவு தொடர்ந்தால் தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எல்லா ரிப்போட்டிலும் இருக்கிற வரி அது என்று நாம் இருவரும் மேலே உள்ள வரியை மட்டும் வாசித்தோம். அன்று காலி வீதிக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அது இறங்கியது. நீ இரண்டாவது கோப்பையும் கேட்டாய். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பின்னேரம் இருந்ததில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

நாலு மாதம் போனது. அந்த நாலு மாதமும் நீ மெலிந்தாய், நான் டயட்டா என்று பகிடி பண்ணினேன். பிறகு தண்ணீரும் இறங்காத ஒரு காலையில் உன் மகள் உன்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கமரா விட்டார்கள். அன்றைக்கே தெரிந்துவிட்டது. வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். நாலு மாதத்துக்கு முன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் மகள் அங்கேயிருந்த டொக்டரிடம் கேட்டாளாம். சொல்ல முடியாது என்றாராம். அவள் அதை என்னிடம் வந்து சொல்லி, "அன்ரி, அம்மா அப்பவே ஒங்க இடத்துல படம் எடுத்தாங்கதானே, அதுல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சே," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

உன் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்தேன். வேலை முடிய, அந்தச் சனம் நிறைந்த பஸ்ஸில் நின்றபடியே வருவேன். அதற்கு முன் உன் பஸ்ஸில் நான் ஏறியதில்லை. நீ சொன்னதெல்லாம் சரி, கடைசியாக ஏறுகிற ஒருவன்தான். கொட்டாஞ்சேனையில் இறங்கி உன் ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உள்ளே வந்ததும் தலையணையைச் சரிசெய்வேன், ஊர்க்கதை சொல்வேன், நிலையத்தில் யார் யாரோடு சண்டை என்று சொல்வேன். உனக்குக் குழாய் வழியாகப் பால் போகும். ஒருநாள் உன் மகள் அதைக் கலந்துகொண்டிருந்தாள். நீ கட்டிலிலிருந்து விரலை உயர்த்தி, மெதுவாக, மெதுவாக என்று சுற்றிக் காட்டினாய். அவள் உன் கரண்டியால்தான் கலக்கினாள், நான்தான் அதை நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

அன்று உன் மகள் கடைக்குப் போனதும் சொல்லிவிட்டேன். "அன்றைக்கு நாலு," என்றேன். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். உன் குரல் அப்போது அநேகமாகக் காற்றாகிவிட்டிருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"தெரியும்டி. நான்தானே கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். நீ கையை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாய்.

"ஆனா நீ குடுத்திருக்கக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. பாமன்கடை ஐயாவுக்காக என்னைத் திட்டிய அன்று இருந்த கோபத்தில் பாதிகூட அதில் இருக்கவில்லை. கலவை பிழை, மாற்று என்று சொல்கிற அதே குரல். அதற்குப் பிறகு உதடு காய்ந்திருக்கிறது என்று சைகை காட்டினாய். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினேன். உன் மகள் வந்தாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இருந்தாய், நானும் வந்தேன், இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கோபித்துக்கொண்டு நீ என்னோடு கதைக்காமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீயோ கடைசிவரை என் வருகைக்காகத் தலைவாரிக்கொண்டு இருந்தாய் என்று உன் மகள் சொன்னாள்.

நீ போய் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்றுதான் போனேன். அனுப்பினால் நல்லது என்றும் இருந்தது. அவர் உன் படங்களைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதில் ஒன்றும் தெரியவில்லை. நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை," என்றார். கழற்றிய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இனிமேல் படத்தில் பேரியம் பூசவில்லை என்று தனக்குத் தோன்றினால் யார் எண்ணியிருந்தாலும் திரும்ப எடுக்கப் போவதாகச் சொன்னார். அது எனக்கான தண்டனையா, தனக்கானதா என்று நான் கேட்கவில்லை. உன் மகளிடமும் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் சொன்ன அன்று, நான் படி இறங்கும்போது, பின்னால் வந்து பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனாள். பாயசக் கரண்டி.

இப்போது பேரியம் கலந்தே போத்தலில் வருகிறது. குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டியதுதான். தூள் அலுமாரியில் துவாய்கள் வைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அந்தப் போத்தல்காரர்களைப் பற்றி ஒரு வாரத்துக்குப் போதுமான நக்கல் வைத்திருப்பாய். போத்தலையும் நான் நம்புவதில்லை. அடியில் படிந்து கிடக்கும், மேலே இளகி நிற்கும், குலுக்கியது போதுமா என்று யாருக்குத் தெரியும். ஆகவே கரண்டி இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது. கைப்பிடி மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு ஏறியிருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை, நான் அதிகம் தேய்ப்பதும் இல்லை.

இன்று காலை கொலன்னாவையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கோப்பையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், கொஞ்சம் தண்ணி விட்டுத் தாங்களேன்," என்றார். கை சில்லென்று இருந்தது. எனக்கு இரக்கம் வராமல் இல்லை, கொட்டாஞ்சேனை. முன்னையைவிட அதிகமாக வருகிறது. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே, ஏலாது அம்மா என்றேன். முதல் வாயை நான் குடித்தேன். சாகவில்லை என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை, அதை விட்டுவிட்டேன்.

அதற்கு முன், அவர் பார்க்க, கரண்டியை உயர்த்திச் சரித்து எண்ணினேன். இப்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுவதில்லை, யாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த இடத்தில் என் குரல் ஒருமுறை நிற்கும். எதிரே நிற்கிறவர்கள் எண்ணிக்கை மறந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நூல் அறாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீலச் சட்டையோடு பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்க்கிற உன்னை நானும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஐந்து என்கிறேன்.